கல்லூரி மாணவர்களும் தன்மோகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் உளவியல் கற்பிக்கும் என்னிடம் ஆண்டுதோறும் இரண்டு வகையினர் ஒரே சொல்லோடு வந்து நிற்கிறார்கள். ஒருவர், முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர். ‘கல்லூரி மாணவர்களிடையே நார்சிசமும் ஆளுமைப் பண்புகளும்’ என்று தாளில் எழுதியே கொண்டுவந்திருப்பார். மற்றவர் பெற்றோர். கைப்பேசியில் ஏதோ காணொளியைப் பார்த்துவிட்டு, “எங்கள் பையன் நார்சிசிஸ்ட்டாக இருப்பானோ மேடம்?” என்று தணிந்த குரலில் கேட்பார். இருவரும் கேட்கும் கேள்விகளைச் சேர்த்து இங்கே விடை எழுதியிருக்கிறேன். இதில் வரும் ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்கா, கனடா, ஜெர்மனி ஆகிய நாடுகளின் மாணவர்களிடம் நடந்தவை. அந்த எண்களை அந்த ஊர் எண்களாகவே படிக்க வேண்டுகிறேன்.

நார்சிசம் என்பது தலைக்கனம்தானே?

பாதி சரி. தலைக்கனம், செருக்கு, மமதை, இறுமாப்பு என்று தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. உளவியலில் நார்சிசம், அதாவது தன்மோகம், என்று சொல்லும்போது மூன்று சரடுகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. தன்னைப் பற்றி உள்ளதைவிட உயர்வான எண்ணம் ஒன்று. மற்றவர்கள் தன்னைப் பார்த்து வியந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற தீராத பசி இன்னொன்று. ஊருக்கு உள்ள விதி தனக்கில்லை, தனக்குத் தனிச் சலுகை கிடைத்தே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மூன்றாவது. கூட இருப்பவர்களைக் காயப்படுத்துவது பெரும்பாலும் அந்த மூன்றாவதுதான். இந்தப் பக்கத்தில் அதையே நான் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுவேன்.

பல்கலைக்கழகத் தேர்வில் ரேங்க் வாங்கிய பெண் தலைநிமிர்ந்து நடந்தால் அது பெருமிதம். உழைத்துப் பெற்றதன் மேல் நிற்பது. தேர்வு தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்து வந்து, “நான் யார் என்று தெரியாதா?” என்று அறைக் கண்காணிப்பாளரிடம் மல்லுக்கு நிற்பது வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் அந்தப் பெண்ணுக்கு அநியாயம் செய்கிறோம்.

பெயர் கிரேக்கக் கதையிலிருந்து வந்தது. தண்ணீரில் தெரிந்த தன் முகத்தின் மேலேயே மோகம் கொண்டு அங்கேயே மாய்ந்துபோன நார்சிசஸ் என்ற இளைஞனின் கதை அது. 1914-இல் சிக்மண்ட் ஃப்ராய்ட் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அதன் பிறகு சொல் உளவியலில் நிலைத்துவிட்டது.

இது நோயா, குணமா?

இரண்டு நிலையிலும் பேசப்படுகிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேட்டில் ‘தன்மோக ஆளுமைக் கோளாறு’ 1980-இல் இடம்பெற்றது. இன்றைய பதிப்பின்படி ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அவை வாழ்க்கையின் பல தளங்களில், நெடுங்காலமாகத் தொடர்ந்து, அந்த ஆளின் உறவையோ வேலையையோ குலைத்திருக்கவும் வேண்டும். அதைச் சொல்லும் தகுதி, நேரில் பல முறை பேசிப் பார்த்த மனநல வல்லுநருக்கு மட்டுமே உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆம் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் இந்தப் பெயரில் தனிக் கோளாறே இல்லை; ஆளுமைக் கோளாறு எவ்வளவு கடுமையானது, எந்தப் பண்புகள் தூக்கலாக இருக்கின்றன என்றுதான் அது பார்க்கிறது.

மாணவர்களிடம் நடக்கும் ஆய்வுகள் அளப்பது குணத்தை. குணம் உயரத்தைப் போன்றது. எல்லோருக்கும் ஏதோ ஓர் அளவில் உண்டு. வினாத்தாளில் அதிக மதிப்பெண் எடுத்ததனால் யாரும் நோயாளி ஆகிவிடுவதில்லை. காதலில் பிரிந்தவர், கடுமையான வார்டன், பேசாமல் போன தோழி என்று எல்லோர் நெற்றியிலும் இந்தச் சொல்லை ஒட்டும் பழக்கம் மாணவர்களிடம் பரவியிருப்பது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

இதை எப்படி அளக்கிறார்கள்?

அதிகம் பயன்படுவது நார்சிசிஸ்டிக் பர்சனாலிட்டி இன்வென்டரி என்ற வினாத்தாள், சுருக்கமாக என்.பி.ஐ. 1979-இல் ராஸ்கினும் ஹாலும் இதை அறிமுகப்படுத்தினார்கள். 1988-இல் ராஸ்கினும் டெர்ரியும் 40 ஜோடி வாக்கியங்களாகச் சுருக்கித் தந்த வடிவமே பின்னர் நிலைபெற்றது. ஒவ்வொரு ஜோடியிலும் தனக்குப் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வாக்கியம் ‘எனக்குரிய மரியாதையைக் கேட்டு வாங்குவேன்’ என்ற போக்கில் இருக்கும். பக்கத்து வாக்கியம் ‘எனக்குரிய மரியாதை பொதுவாகக் கிடைத்துவிடுகிறது’ என்று இருக்கும். முதலாவதைத் தேர்ந்தால் ஒரு மதிப்பெண். மொத்தம் 40-க்கு. 16 ஜோடிகள் கொண்ட குறுவடிவமும் 2006-இல் வந்தது.

மாணவர்கள் இதை நிரப்பும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பேனா சில இடங்களில் தயங்கி நிற்கும். ‘இரண்டுமே நான் இல்லையே’ என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தத் தயக்கம் மொத்த மதிப்பெண்ணில் பதிவதில்லை.

அதைவிடப் பெரிய குறை வேறு. ராஸ்கினும் டெர்ரியும் இதற்குள் ஏழு கூறுகளைக் கண்டார்கள்: அதிகாரம், தன்னைக் காட்டிக்கொள்ளுதல், மேன்மை எண்ணம், சலுகை எதிர்பார்ப்பு, பிறரைப் பயன்படுத்திக்கொள்ளுதல், தன்னிறைவு, தோற்றப் பெருமை. எல்லாம் கூட்டி ஒரே எண்ணாக வருகிறது. தலைமை ஏற்பதில் ஆர்வமும் தன்னிறைவும் உள்ள நல்ல மாணவி ஒருத்தி 20 வாங்கலாம். பிறரைச் சுரண்டுவதிலும் சலுகை கேட்பதிலும் தேர்ந்த இன்னொருவரும் அதே 20 வாங்கலாம். எண் ஒன்று, ஆட்கள் வேறு.

ஏன் எப்போதும் கல்லூரி மாணவர்களிடமே ஆராய்கிறார்கள்?

கையெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உளவியல் தொடக்கப் பாடம் படிப்பவர்கள், ஆய்வில் பங்கேற்றால் பாடத்துக்கான மதிப்பில் கொஞ்சம் சேரும். நம் ஊரிலும் ஆய்வு மாணவர் தன் கல்லூரி வகுப்பறைக்குள் நுழைந்து தாளை விநியோகிக்கிறார். ஆனால் இந்த வயதுக்கென்று ஒரு காரணமும் இருக்கிறது. பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வரை, வீட்டில் வைத்திருந்த மதிப்பை வெளியுலகம் முதல்முறை உரசிப் பார்க்கிறது. ஊர்ப் பள்ளியில் முதல் மாணவனாக இருந்தவன் விடுதிக்கு வந்து, அறையில் உள்ள நால்வருமே முதல் மாணவர்கள் என்று தெரிந்துகொள்ளும் வயது அது.

மற்ற ஆளுமைப் பண்புகளோடு இதற்கு என்ன தொடர்பு?

ஆளுமையை ஐந்து பெருங்குணங்களாகப் பிரித்துப் பார்ப்பது இன்று பரவலான முறை. கலகலப்பாகப் பழகும் புறமுகத் தன்மை, பிறரோடு இணங்கிப்போகும் தன்மை, ஒழுங்கும் பொறுப்பும், மனச்சஞ்சலம், புதியதை நாடும் மனம்.

2002-இல் டெல்ராய் பால்ஹஸ், கெவின் வில்லியம்ஸ் இருவரும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் 245 பேரிடம் ஆராய்ந்தார்கள். தன்மோகம், தந்திரமாகப் பிறரை ஆட்டுவிக்கும் மாக்கியவெல்லியம், இரக்கமற்ற சைக்கோபதி ஆகிய மூன்றையும் ‘இருண்ட மும்மை’ என்று சேர்த்துப் பெயரிட்ட ஆய்வு அது. தன்மோகத்துக்கும் புறமுகத் தன்மைக்கும் ஒட்டுறவுக் கெழு 0.42. இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் எண் இது; 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. புதியதை நாடும் மனத்தோடு 0.38. இணக்கத்தோடு எதிர்த்திசையில் 0.36. மனச்சஞ்சலத்தோடும் பொறுப்புணர்வோடும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

0.42 என்பதைப் பார்த்து, கலகலப்பானவர் எல்லாம் தன்மோகர் என்று எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. அந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் 0.18 வரும். மாணவருக்கு மாணவர் தெரியும் வேறுபாட்டில் சுமார் 18 விழுக்காடுதான் இரண்டுக்கும் பொது. மீதி 82 விழுக்காடு வேறு எங்கிருந்தோ வருகிறது. தன்மோகர் வீட்டு வாசலில் கலகலப்பு நிற்கிறது என்று சொல்லலாம். கலகலப்பு நிற்கும் வாசல் எல்லாம் தன்மோகருடையது என்று சொல்ல முடியாது.

இந்த ஐந்து எண்களில் நான் கவனிக்கச் சொல்வது இணக்கத்தை. புறமுகத் தன்மை தன்மோகத்துக்கு மேடையும் ஒலிபெருக்கியும் தருகிறது. அதனால் யாருக்கும் கேடில்லை. இணக்கம் குறைவதால்தான் அடுத்தவரின் நேரம், உழைப்பு, மனம் எல்லாம் பொருட்டற்றுப் போகின்றன. குழுப் பணியில் ஒருவர் நன்றாகப் பேசி வழங்குவது நல்லது. தோழி இரவு முழுவதும் தயாரித்த தாளில் அவள் பெயரைக் கடைசியில் போட்டுவிட்டு வழங்கும்போதுதான் சிக்கல்.

கூச்ச சுபாவம் உள்ளவரிடம் தன்மோகம் இருக்க முடியுமா?

முடியும். இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

1991-இல் பால் விங்க் என்ற ஆய்வாளர், தன்மோகத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு என்று காட்டினார். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பகட்டு முகம். மற்றொன்று, நான் வகுப்பில் சொல்லும் பெயரில், தொட்டாற்சிணுங்கி முகம். உள்ளே ‘நான் தனிப் பிறவி’ என்ற எண்ணம் அதே அளவுக்கு இருக்கும். ஆனால் அதை ஊர் ஒப்புக்கொள்ளுமா என்ற அச்சம் அதற்கு மேல் மூடியிருக்கும். 1997-இல் ஹெண்டினும் சீக்கும் இதற்கென்றே பத்து வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றைத் தந்தார்கள்.

கருத்தரங்க வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். பேச மாட்டார், கடைசி வரிசையில் உட்காருவார். அவர் கட்டுரை வழங்கிய அன்று, மூன்றாவது அட்டவணையில் கூட்டுத்தொகை பொருந்தவில்லை என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு வாரம் என் வகுப்புக்கு வரவில்லை. பிறகு அறைக்கு வந்தவர், “அன்று எல்லோர் முன்னாலும் என்னைச் சிறுமைப்படுத்தினீர்கள், வகுப்பிலேயே சிறந்த கட்டுரை அதுதான் என்று உங்களுக்கும் தெரியும்” என்றார். அந்தத் தாள் அதே மடிப்போடு இன்னும் பையில் இருந்தது. ஒரு நிகழ்ச்சியை வைத்து யாருக்கும் பெயர் சூட்டக் கூடாது, நானும் சூட்டவில்லை. ஆனால் வெளியே தெரியாத உயரமும் ஒரு சொல்லுக்குத் தாங்காத மெல்லிய தோலும் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்பதை எனக்கு நேரில் காட்டியவர் அவர்.

ஐந்து பெருங்குணங்களோடு ஒப்பிட்டால் இந்த இரண்டாவது முகம் முற்றிலும் வேறு கோலம் போடுகிறது. மனச்சஞ்சலத்தோடு மிக நெருக்கமான உறவு. புறமுகத் தன்மையோடு எதிர் உறவு. மனச்சோர்வு, வெட்கம், ஒதுங்கிப்போதல் எல்லாம் கூடவே வருகின்றன. பகட்டு முகத்தோடு இதற்குப் பொதுவாக உள்ளது இணக்கக் குறைவு, அதோடு ‘எனக்குச் சேர வேண்டியது கிடைக்கவில்லை’ என்ற கணக்கு. ஆகவே ‘தன்மோகத்துக்கும் மனச்சஞ்சலத்துக்கும் தொடர்பு உண்டா?’ என்று யாராவது கேட்டால், எந்த முகத்தைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. எண்கள் ஆய்வுக்கு ஆய்வு முரண்படுவதற்குப் பாதிக் காரணம் இது.

முதல் வாரத்தில் எல்லோருக்கும் பிடித்தவர் அரையாண்டில் ஏன் கசந்துபோகிறார்?

இதை அழகாகக் காட்டும் இரண்டு ஆய்வுகள் உண்டு. ஜெர்மனியில் மித்யா பாக் குழுவினர், ஒருவரையொருவர் அறியாத 73 புதுமுக மாணவர்களை ஒருவர் பின் ஒருவராக முன்னால் வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். மற்றவர்கள் உடனே மதிப்பிட்டார்கள். தன்மோகம் கூடியவர்களே அதிகம் பிடித்துப்போனார்கள். எடுப்பான உடை, மலர்ந்த முகம், தயங்காத உடல்மொழி, சிரிக்க வைக்கும் பேச்சு ஆகியவை அதற்குக் காரணமாக இருந்தன. 2010-இல் வெளியான இந்த ஆய்வில் திகைக்க வைப்பது ஒன்று: முதல் பார்வையில் மிகவும் ஈர்த்தது, பின்னால் அதிகம் துன்பம் தரக்கூடிய கூறாகிய சலுகை எதிர்பார்ப்பும் சுரண்டலும்தான்.

மற்றது பால்ஹஸ் 1998-இல் வெளியிட்டது. மாணவர்கள் சிறு குழுக்களாக வாரம் ஒருமுறை, ஏழு முறை கூடிப் பேசினார்கள். முதல் சந்திப்பில் தன்னை உயர்த்திப் பேசியவர்கள் திறமையானவர்கள், இனிமையானவர்கள் என்று பெயர் வாங்கினார்கள். ஏழாவது வாரத்தில் அதே குழுவினர் அவர்களைத் தற்பெருமைக்காரர்கள் என்று ஒதுக்கியிருந்தார்கள்.

பாக் குழுவினர் 2013-இல் இதற்கு விளக்கமும் தந்தார்கள். தன்மோகத்துக்குள் ‘பாராட்டு நாடல்’, ‘போட்டிப் பகைமை’ என இரண்டு பாதைகள் ஓடுகின்றன. முதலாவது நண்பர்களைக் கொண்டுவருகிறது. பாராட்டு குறையும்போது இரண்டாவது விழித்து, வந்தவர்களைத் துரத்துகிறது. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே வகுப்புப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை நான் என் துறையில் எதிர்த்து வருவதற்கு இதுவே காரணம். இரண்டு மாதம் பொறுங்கள் என்பேன்.

தன்னம்பிக்கையை வளர்த்தால் தன்மோகமும் வளர்ந்துவிடாதா?

பெற்றோர் அதிகம் பயப்படும் இடம் இது. பயப்படத் தேவையில்லை, இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து முளைக்கின்றன.

தன்மதிப்பு உள்ளவர் ‘நான் தகுதியானவள்’ என்று நினைக்கிறார். ‘மற்றவரைவிட உயர்ந்தவள்’ என்று நினைக்க வேண்டிய அவசியம் அவருக்கில்லை. 1998-இல் புஷ்மன், பாமைஸ்டர் இருவரும் கல்லூரி மாணவர்களைக் கட்டுரை எழுத வைத்து, ‘நான் படித்ததிலேயே மிக மோசமான கட்டுரைகளில் இது ஒன்று’ என்ற குறிப்போடு சிலருக்குத் திருப்பித் தந்தார்கள். அப்படிக் குறிப்பு எழுதியதாகக் கருதப்பட்டவரின் காதில் பிறகு உரத்த ஓசையைப் பாய்ச்ச வாய்ப்புத் தரப்பட்டது. தன்மோகம் கூடியவர்கள் பழித்தவர்மேல் அதிக ஓசையைச் செலுத்தினார்கள். தன்மதிப்பு கூடியதற்கும் குறைந்ததற்கும் அந்த ஆத்திரத்தோடு தொடர்பே தெரியவில்லை.

வேர் எங்கே என்பதற்கு 2015-இல் நெதர்லாந்திலிருந்து விடை வந்தது. ப்ரம்மல்மன் குழுவினர் ஏழு முதல் பதினொரு வயது வரையுள்ள 565 குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நான்கு முறை கேட்டார்கள். ‘என் பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிட உயர்ந்தவன்’ என்று தூக்கி வைத்த வீட்டில் தன்மோகம் வளர்ந்தது. அன்பைக் காட்டிய வீட்டில் தன்மதிப்பு வளர்ந்தது. பிள்ளையை அணைத்துக்கொள்ளுங்கள், தாராளமாக. பக்கத்து வீட்டுப் பிள்ளையை அளவுகோலாக வைத்து அளக்காதீர்கள், உயர்த்துவதற்காகக்கூட.

மதிப்பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மதிப்பெண்ணோடு உள்ளதைவிட, ‘மதிப்பெண் எனக்கு வர வேண்டியது’ என்ற எண்ணத்தோடு தொடர்பு அதிகம். கலிஃபோர்னியாவில் எலன் க்ரீன்பெர்கர் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான வகுப்புகளுக்கு வந்திருந்தாலே குறைந்தது ‘பி’ கிரேடு தர வேண்டும் என்று சுமார் மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பாடத்துக்கான வாசிப்பை முடித்ததற்காகவே ‘பி’ உரியது என்றவர்கள் சுமார் 40 விழுக்காடு. இந்த எதிர்பார்ப்பு தன்மோகத்தோடும் பிறரைச் சுரண்டும் மனப்பான்மையோடும் சேர்ந்து வந்தது. வீட்டுப் பக்கத்தில் பார்த்தபோது, படி என்று பொதுவாகக் கொடுக்கும் அழுத்தத்தைவிட, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கொடுக்கும் அழுத்தமும் மதிப்பெண்ணுக்குப் பரிசாகப் பொருள் தரும் பழக்கமுமே இதோடு கூடுதலாகத் தொடர்புபட்டிருந்தன. கலிஃபோர்னியாவில் கண்டதுதான், ஆனால் படித்தபோது நம் ஊர்ப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு நாள் என் கண்முன் வந்தது.

அகமதிப்பீட்டில் இரண்டு மதிப்பெண் குறைந்தது என்று ஒரே நாளில் இருவர் என்னிடம் வந்தார்கள். ஒருவர் விடைத்தாளைப் பிரித்து, நாலாவது கேள்வியில் விரலை வைத்து, “இந்த வரியில் அந்தக் கருத்து இருக்கிறதே மேடம்” என்றார். இருந்தது, போட்டேன். மற்றவர் தாளைத் திறக்கவே இல்லை. யார் யாருக்கு எத்தனை போட்டிருக்கிறேன் என்ற பட்டியல் மட்டும் அவரிடம் துல்லியமாக இருந்தது.

‘செல்ஃபி தலைமுறை’யில் தன்மோகம் பெருகிவிட்டது என்கிறார்களே?

அப்படிச் சொல்லத் தொடங்கியதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. அதை மறுத்த ஆய்வுகளும் இருக்கின்றன. முதலாவதைப் பற்றி மட்டுமே நம் காதில் விழுகிறது.

ஜீன் ட்வெங்கி குழுவினர் 1979 முதல் 2006 வரை அமெரிக்காவில் என்.பி.ஐ. வினாத்தாளை நிரப்பிய 85 மாணவர் குழுக்களின் தரவைச் சேர்த்தார்கள். மொத்தம் 16,475 மாணவர்கள். 1980-களின் தொடக்கத்தில் இருந்த சராசரியைவிட, பிற்கால மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மேலே இருந்தார்கள் என்று 2008-இல் அறிவித்தார்கள். அதே ஆண்டில் ட்ரெஸ்னெவ்ஸ்கி, டானலன், ராபின்ஸ் மூவரும் கலிஃபோர்னிய மாணவர்களின் தரவை வைத்து அப்படி உயர்வு எதுவும் இல்லை என்றார்கள். 2017-இல் யூனிக்கே வெட்செல் குழுவினர் அமெரிக்காவின் பெர்க்லி, டேவிஸ், இல்லினாய் ஆகிய மூன்று வளாகங்களில் 1990-களிலிருந்து 2010-கள் வரை சேர்ந்த சுமார் 60,000 மாணவர்களின் விடைகளைப் பார்த்தார்கள். வினாத்தாளின் வாக்கியங்களை ஒவ்வொரு தலைமுறையும் ஒரே பொருளில் புரிந்துகொள்கிறதா என்பதையும் சரிபார்த்தார்கள். கிடைத்தது சிறிய, தொடர்ச்சியான இறக்கம்.

இளையோர் கெட்டுவிட்டார்கள் என்று சொல்ல மூத்தோருக்கு எப்போதும் ஓர் ஆசை இருக்கிறது. ஐம்பதைக் கடந்த என்னிடமும் அது எட்டிப் பார்க்கிறது. தரவு அதற்கு இடம் தரவில்லை. செல்ஃபி எடுப்பவர் நட்புக்காக எடுக்கலாம், ஊரில் உள்ள பாட்டிக்கு அனுப்ப எடுக்கலாம்.

ஆண்களிடம் அதிகமா, பெண்களிடம் அதிகமா?

சராசரியில் ஆண்களிடம் சற்று அதிகம். எமிலி க்ரிஹால்வா குழுவினர் 2015-இல் 4,75,381 பேரின் தரவைத் தொகுத்துச் சொன்னது இது. வித்தியாசம் சிறியது, சலுகை எதிர்பார்ப்பிலும் சுரண்டலிலும்தான் அது கூடுதலாகத் தெரிந்தது. கண்ணாடி பார்ப்பது, தன்னைக் காட்டிக்கொள்வது ஆகியவற்றில் இரு பாலாரும் ஒன்றுபோல. தொட்டாற்சிணுங்கி முகத்திலும் வித்தியாசம் இல்லை. அலங்காரத்தை வைத்துப் பெண்களைத் தன்மோகிகள் என்று சொல்லும் பேச்சுக்கு இதில் ஆதாரம் கிடையாது.

இது மாறுமா?

வயதோடு தானாகவே குறைகிறது. உல்ரிச் ஓர்த் குழுவினர் 2024-இல், ஒரே ஆட்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த 51 ஆய்வு மாதிரிகளில் உள்ள 37,247 பேரைச் சேர்த்துப் பார்த்தபோது, குழந்தைப் பருவத்திலிருந்து முதுமை வரை தன்மோகம் மெல்ல இறங்குவதைக் கண்டார்கள். ஆனால் சக வயதினரிடையே மேலே இருந்தவர் பெரும்பாலும் மேலேயே இருக்கிறார். எல்லோரும் சேர்ந்து இறங்குகிறார்கள்.

இன்னொரு செய்தி எனக்குத் தனி நம்பிக்கை தந்தது. பிரிட்டனில் எரிக்கா ஹெப்பர் குழுவினர் 2014-இல் வெளியிட்டது. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண் ஒருத்தி பேசும் வீடியோவைச் சும்மா பார்த்தபோது, தன்மோகம் கூடியவர்கள் அதிகம் இரங்கவில்லை. ‘அவள் இடத்தில் இருந்து பாருங்கள்’ என்று முன்னமே சொன்னபோது இரங்கினார்கள். வேறொரு சோதனையில் அவர்களின் இதயத் துடிப்பும் மற்றவர்களைப் போலவே மாறியது. இரக்கப்படும் திறன் அவர்களிடம் இருக்கிறது. யாராவது எடுத்துச் சொன்னால் அது வெளிவருகிறது.

இதே தலைப்பில் ஆய்வேடு செய்ய விரும்புகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில், மொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்; கூறு கூறாகப் பாருங்கள். பாக் குழுவினரின் 18 வாக்கிய அளவுகோல் பாராட்டு நாடலையும் போட்டிப் பகைமையையும் பிரித்தே தருகிறது. தொட்டாற்சிணுங்கி முகத்துக்கும் ஓர் அளவுகோல் சேருங்கள். அது இல்லாத ஆய்வு பாதி வகுப்பறையைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறது.

மொழிபெயர்ப்பில் நாள் செலவழியுங்கள். தமிழில் ‘நான் மற்றவர்களைவிடச் சிறந்தவன்’ என்று அச்சிட்டால் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த வாக்கியம் பொருந்தாது. ‘சிறந்தவன்/ள்’ என்று போட்டால் படிவம் போலாகிவிடும். ‘மற்றவர்களைவிட எனக்குத் திறமை அதிகம்’ என்று மாற்றினால் பால் விகுதியின் தொல்லை நீங்கும். ஜோடி வாக்கியங்களில் ஒன்று மேடைப் பேச்சு போலவும் மற்றது வீட்டுப் பேச்சு போலவும் ஒலித்தால், மாணவர் பொருளை விட்டுவிட்டு ஒலியைத் தேர்ந்தெடுப்பார். தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்லி ஒப்பிடுங்கள். ‘நான்’ என்று எழுதவே கூச்சப்பட்டு, ‘அடியேன்’ என்றும் ‘சிறியேன்’ என்றும் பேசி வந்த மரபு நமக்கு உண்டு. அடக்கமாகப் பதில் சொல்லும் பழக்கத்தைக் குணம் என்று பதிந்துவிடாதீர்கள்.

தாளின் தலைப்பில் ‘நார்சிசம்’ என்று அச்சிடாதீர்கள். பெயர் எழுதச் சொல்லாதீர்கள். ஒட்டுறவைக் கண்டுவிட்டு ‘இதனால் அது’ என்று முடிவுரை எழுதாதீர்கள்.

நானே அப்படிப்பட்டவனோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

‘இப்படிக் கேட்கிறாய் என்றாலே நீ நார்சிசிஸ்ட் இல்லை’ என்று இணையத்தில் ஆறுதல் சொல்வார்கள். அது சரியல்ல. சாரா கொன்ராத் குழுவினர் 2014-இல், ‘நான் ஒரு நார்சிசிஸ்ட்’ என்ற ஒரே வாக்கியத்துக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் கொடுக்கச் சொன்னார்கள். நீண்ட வினாத்தாளில் உயர்ந்து நின்றவர்கள் இங்கேயும் கூசாமல் உயர்த்திப் போட்டார்கள். தன்மோகம் உள்ளவருக்குத் தன்னைப் பற்றித் தெரிந்தே இருக்கலாம்.

ஆகவே உங்கள் பயத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். பெயரும் சூட்ட மாட்டேன். விமர்சனம் கேட்ட பின் நாள்கணக்கில் தூக்கம் வராமல், வெட்கத்தில் எழுந்திருக்க முடியாமல், வாழ்வே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்குப் போகிறது என்றால், இன்றே ஒருவரிடம் பேசுங்கள். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

அந்த அளவு இல்லை என்றால், என் அறைக்கு வருபவர்களிடம் கேட்பதையே உங்களிடமும் கேட்கிறேன். கடைசியாக யாரோடு சண்டை போட்டீர்களோ, அந்தச் சண்டையை அவர் தன் அம்மாவிடம் எப்படிச் சொல்லியிருப்பார்? அவர் குரலில், ‘நான்’ என்று தொடங்கி, ஐந்து நிமிடம் சொல்லுங்கள். தாளை நாலாக மடித்து வைத்திருந்த அந்த மாணவரிடமும் இதைத்தான் கேட்டேன். “நான் அட்டவணையில் ஒரு தவறைச் சொன்னேன்” என்று என் குரலில் தொடங்கியவர், அங்கேயே சற்று நிறுத்தினார். பிறகு பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்து, கூட்டுத்தொகையை மறுபடி போட்டுப் பார்த்தார்.